ஒரே மஞ்சள், ஐந்து பட்டறை

சேலத்தில் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் போனால் வெள்ளி. குகை, அம்மாப்பேட்டைப் பக்கம் தறி. இளம்பிள்ளையில் சேலை. கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல். இடையிடையே, மின்னூட்டிய நிறப்பொடியை இரும்பில் தெளித்துச் சுட்டெடுக்கும் பவுடர் கோட்டிங் ஷெட்டுகள், அக்ரிலிக் வெட்டிக் கொடுக்கும் லேசர் கடைகள். பளிச்சென்ற நிறங்களில் இன்றைய வீட்டுப் பொருட்களையும் அணியக்கூடிய கலையையும் பல கைகள் சேர்ந்து செய்து ஒரே கூடத்தில் வைக்க நினைப்பவர்களுக்கு, மூலப்பொருளும் கைவேலையும் இவ்வளவு கிட்டத்தில் கிடைக்கும் ஊர் அபூர்வம்.

அப்படியும் கூட்டுக் காட்சி ஒன்று கூடத்தில் ஏறும் நாளில் சறுக்கும் இடம் எது என்றால், நிறம்தான். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அழகாக இருக்கும். பட்டு மேலாடையின் மஞ்சள், ஸ்டூலின் மஞ்சள், கழுத்தணியின் எனாமல் மஞ்சள், அக்ரிலிக் கிளிப்பின் மஞ்சள் என்று எல்லாவற்றையும் ஒரே மேடையில் வைத்ததும் ஒன்று பச்சையோடும், ஒன்று ஆரஞ்சு ஓடியும், ஒன்று வெளிறியும் நிற்கும். பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஆனால் ‘ஏதோ சேரவில்லை’ என்று உடனே தெரிந்துவிடும்.

1981 செப்டம்பரில் மிலானில் இத்தாலிய வடிவமைப்பாளர் எத்தோரே சொட்சாசும் இளம் வடிவமைப்பாளர்களும் மெம்பிஸ் என்ற பெயரில் வைத்த முதல் காட்சியை இந்த வகைக்கு முன்னோடி என்று சொல்லலாம். பல பேர் வரைந்த மேசை, அலமாரிகள் ஒரே குடும்பமாகத் தெரிந்ததற்கு, மேலே ஒட்டிய லாமினேட் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தகடுகள் பெரிய காரணம் என்பது எங்கள் எண்ணம். நிறமும் கோலமும் தகட்டிலேயே முடிவாகி வந்தன. வெள்ளி, பட்டு, இரும்பு, கல், அக்ரிலிக் என்று பொருள் மாறிக்கொண்டே போகும் சேலத்துக் காட்சிக்கு அந்த வசதி கிடையாது. எனவே டிசைன் வரைவதற்கு முன்பே, கையில் பிடிக்கும் மாதிரித் துண்டுகளை வைத்து நிறத்தை முடிவு செய்துவிட வேண்டும்.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம் இதற்கு உதவாது. சுற்றியுள்ள வெளிச்சத்தைப் பார்த்து ஒவ்வொரு போனும் நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்கிறது. சாயக்காரர் ‘அதே கலர்தாங்க’ என்று சொல்வது பொய்யில்லை, அவர் போனில் அது அதே கலர்தான். ஒவ்வொரு பட்டறையும் தன் பொருளிலேயே 5 செ.மீ. சதுரத் துண்டு மூன்று செய்து தர வேண்டும்: குறித்த நிறம் ஒன்று, அதைவிட ஒரு படி வெளிர் ஒன்று, ஒரு படி அடர்த்தி ஒன்று. பின்பக்கம் செய்முறையையும் அளவையும் எழுதியிருக்க வேண்டும். மொத்தக் காட்சிக்கு ஐந்து நிறம் போதும், அதில் ஒன்று சாம்பல் அல்லது கறுப்பாக இருக்கட்டும். ஆறாவது நிறத்தைச் சேர்க்கச் சொல்லி யாராவது கேட்டால், முதல் ஐந்தில் எதை எடுக்கலாம் என்று திருப்பிக் கேளுங்கள்.

துண்டுகளை மூன்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். நண்பகலில் வெயில் நேரே விழாத வடக்கு ஜன்னல் ஓரத்தில், காட்சிக் கூடத்து எல்.இ.டி.யின் கீழ், மாலையில் வீட்டு மஞ்சள் விளக்கின் கீழ். பகலில் ஒட்டிப் போகும் இரண்டு மஞ்சள்கள் விளக்கின் கீழ் பிரிந்துவிடுவது சகஜம். இரண்டிலும் உள்ள சாயங்கள் வேறு. அவை ஒளியின் வெவ்வேறு பகுதிகளைத் திருப்பி அனுப்புகின்றன, ஒரு குறிப்பிட்ட வெளிச்சத்தில் மட்டும் கூட்டுத்தொகை ஒன்றாக அமைகிறது. மூன்று வெளிச்சத்திலும் ஒட்டிப் போகும் ஜோடி கிடைக்கவில்லை என்றால் கூடத்து விளக்கில் ஒட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அணிகலனுக்கு மட்டும் பகல் வெளிச்சத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், வாங்கியவர் அதைப் போட்டுக்கொண்டு வெளியே போகப்போகிறார்.

இதில் யார் யாரைப் பின்பற்றுவது என்பதில்தான் நிறையக் குழப்பம். எங்கள் விதி எளிமையானது: எந்தப் பொருளில் நிறத்தை மாற்றும் சுதந்திரம் குறைவோ அது முதலில் பேச வேண்டும். அக்ரிலிக் தகடு கம்பெனி தரும் நிறத்தில்தான் வரும். எனாமல் பொடியும் அப்படித்தான். பவுடர் கோட்டிங்குக்கு ரால் (RAL) என்ற எண்ணிட்ட நிற அட்டை இருக்கிறது, தேர்வு கொஞ்சம் விரியும். நூல் சாயத்தில்தான் அரை சதவீதம் கூட்டிக் குறைத்து எங்கே வேண்டுமானாலும் போய்ச் சேரலாம். எனவே அக்ரிலிக், எனாமல், பவுடர், கடைசியில் சாயப்பட்டறை என்ற வரிசை. ஆனால் நடப்பது தலைகீழ்: பெரும்பாலும் சேலைதான் முதலில் தயாராகிவிடும், பிறகு அதற்கேற்ற அக்ரிலிக்கைத் தேடி சென்னை வரை ஆள் அலைவார்.

வெள்ளையை வெள்ளை என்று நினைத்து விட்டுவிடக் கூடாது. சேலம் வெண்பட்டின் வெண்மை பாலேடு நிறம். மில் துணியில் பெரும்பாலும் வெளுப்பூட்டி கலந்திருக்கும், பகல் வெளிச்சத்தில் நீலம் தெறிக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பட்டு அழுக்காகத் தெரியும். வெண்பட்டு காட்சியில் இருந்தால் சுவர், மேடை, லேபிள் அட்டை எல்லாமே அந்தப் பாலேட்டு நிறத்துக்கு இறங்கி வரட்டும்.

இப்போது வெள்ளிக்கு வருவோம். வடிவமைப்பாளர்களுக்குத் தோன்றும் முதல் ஆசை, கொலுசு மேலேயே எனாமல் போட்டு நிறமேற்றலாம் என்பது. கண்ணாடிப் பொடி உருகிப் படரும் எனாமலைச் சொல்கிறோம். அதற்கு 750 முதல் 820 டிகிரி வரை சூடு வேண்டும். சுத்த வெள்ளி 961 டிகிரியில்தான் உருகும், பயமில்லை. ஆனால் வெள்ளியில் செம்பு கலந்துவிட்டால் 780 டிகிரியை ஒட்டியே இளகத் தொடங்கலாம். 92.5 வெள்ளியே 800ஐ நெருங்கும்போது ஆபத்துக் கோட்டில் நிற்கும். டச் (வெள்ளியின் சுத்தம்) குறைந்த கொலுசு வெள்ளி அந்தச் சூட்டில் உட்கார்ந்துவிடும். கண்ணிகளைப் பற்றவைத்த பொடி அதற்கும் முன்பே இளகி, வளையம் வளையமாகப் பிரியும். தப்பித் தவறி நின்றாலும் செம்பு மேற்பரப்புக்கு வந்து கறுத்து, கண்ணாடிக்கு அடியில் புகை படிந்த மாதிரி தெரியும்.

சரியான வழி, நிறத்தைத் தனித் தகட்டில் செய்து கொலுசில் பதிப்பது. 999 வெள்ளித் தகடு, 0.8 மி.மீ. கனம், 14 மி.மீ. வட்டம். லேசாகக் குமிழாகும்படி தட்டிக்கொள்ள வேண்டும், தட்டையான தகடு சூட்டில் நெளியும். கண்ணாடிப் பொடியை வடிநீரில் அலசி, மேலே மிதக்கும் பால்நிறத் தூசு போகும் வரை ஊற்றி ஊற்றி எடுக்க வேண்டும். இதைச் சோம்பலில் விட்டால் நிறம் மங்கலாக வரும், பட்டறைக்காரர் பொடியைக் குறை சொல்வார். ஈரப் பொடியைத் தூரிகையால் 0.2 அல்லது 0.3 மி.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, உலைக்கு மேலே வைத்து முழுக்க உலர்த்த வேண்டும். ஈரம் மிச்சமிருந்தால் நீராவி பொடியைத் தெறிக்கச் செய்யும். ஒன்றரை, இரண்டு நிமிடம் உலையில். முதலில் மணல் போல இருக்கும், பிறகு ஆரஞ்சுத் தோல் போலச் சொரசொரப்பாகும், அடுத்துக் கண்ணாடியாகப் பளபளக்கும். அந்தக் கணத்தில் எடுத்துவிட வேண்டும். பின்பக்கமும் எனாமல் கட்டாயம். ஆறும்போது வெள்ளி கண்ணாடியைவிட அதிகம் சுருங்கும், ஒரு பக்கம் மட்டும் போட்டால் தகடு வளைந்து கண்ணாடி விரியும். சில சமயம் உடனே விரியாது, காட்சி தொடங்கிய பிறகு விரியும்.

நிறத்திலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒளி ஊடுருவும் நீலமும் பச்சையும் வெள்ளி மேல் நேரடியாகப் போட்டாலே ஜொலிக்கும். சிவப்பு, ஆரஞ்சு, ரோஜா நேரடியாகப் போட்டால் வெள்ளியோடு வினைபுரிந்து மஞ்சளாகவோ பழுப்பாகவோ திரும்பும். அதற்கு முன் நிறமில்லாத கண்ணாடி ஓர் அடுக்கு சுட்டுக்கொள்ள வேண்டும். சுட்டு முடிந்த எனாமல் வட்டத்தை, கல் பதிப்பதைப் போல விளிம்பு மடித்துப் பதிக்க வேண்டியதுதான், அதற்குப் பிறகு கொலுசில் எங்கும் நெருப்பு ஊதக் கூடாது. இன்னொன்று: ரெசினில் நிறம் கலந்து ஊற்றுவதையும் கடைகளில் எனாமல் என்றே விற்கிறார்கள். அது சுலபம், மலிவு, நிறமும் நிறைய. எடை பார்க்காமல் கண்ணளவில் இரண்டு பாட்டிலைக் கலந்தால் பிசுபிசுப்பு போகவே போகாது. சரியாகக் கலந்தாலும் நாளடைவில் வெளிச்சத்தில் மஞ்சளிக்கும். பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனால் லேபிளில் ரெசின் என்று எழுதிவிட வேண்டும், இரண்டுக்கும் ஒரே விலை போடுவது வாங்குபவருக்குச் செய்யும் துரோகம்.

சேலத்துக்கே உரிய இன்னொரு பொருளை வடிவமைப்பாளர்கள் இன்னும் போதுமான அளவுக்குத் தொடவில்லை என்பது எங்கள் ஆதங்கம். வெள்ளைக்கல், அதாவது மாக்னசைட். பெரும்பாலும் உலைச் செங்கல்லுக்குத்தான் போகிறது. அதை 700 முதல் 1000 டிகிரிக்குள் மிதமாகச் சுட்டால் கிடைக்கும் மக்னீசியா தூளை மக்னீசியம் குளோரைடு கரைசலில் குழைத்தால் கல்லாக இறுகும். 1867இல் பிரான்சின் ஸ்டானிஸ்லாஸ் சொரெல் கண்ட சிமெண்ட் இது. சாதாரண சிமெண்டின் சாம்பல் நிறம் இதில் இல்லை, வெள்ளை. எனவே நிறமி போட்ட அளவுக்குப் பளிச்சென்று வரும். தட்டு, புத்தகம் நிறுத்தும் கல், விளக்கின் அடிப்பீடம், பெரிய மணிகள் என எல்லாம் வார்க்கலாம்.

மக்னீசியா தூள் ஒரு கிலோ, சலவைக்கல் தூள் ஒரு கிலோ, இரும்பு ஆக்சைடு அல்லது குரோமியம் பச்சை நிறமி 30 முதல் 50 கிராம். நிறமியை உலர்ந்த தூளிலேயே சலித்துக் கலந்துவிட வேண்டும், பிறகு போட்டால் கோடு கோடாக ஓடும். கரைசலின் அடர்த்தி 1.16 முதல் 1.18 வரை இருக்க வேண்டும், ஹைட்ரோமீட்டர் இல்லாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாக வரும் வரை கரைசலைச் சேர்த்து, சிலிகோன் அச்சில் ஊற்றி, காற்றுக்குமிழி போகத் தட்டி, 24 மணி நேரம் விட்டு எடுக்கலாம். சிமெண்ட் பழக்கத்தில் தண்ணீர் தெளித்துவிடக் கூடாது, இது உலர்ந்த காற்றில்தான் பதமாகும், தண்ணீரில் வலு குறையும். ஆகவே பூ ஜாடி செய்தால் உள்ளே கண்ணாடிக் குழாய் வேண்டும். குளோரைடு இருப்பதால் உள்ளே இரும்புக் கம்பி வைத்தால் துருப்பிடித்து வீங்கி உடைக்கும். வெள்ளியையும் அதன் மேல் நேரடியாக வைத்துக் காட்சிப்படுத்தாதீர்கள்.

பவுடர் கோட்டிங்கைப் பொறுத்தவரை, ஷெட்டில் கேட்க வேண்டிய கேள்விகள் சில. பூச்சு 60 முதல் 80 மைக்ரான். ஒரு துளையில் எல்லாப் பக்கமும் ஏறினால் விட்டம் 0.15 மி.மீ. குறைந்துவிடும். தகடும் தகடும் கோர்க்கும் ஸ்டூலில் கோட்டிங்குக்கு முன் கச்சிதமாகப் பொருந்தியது பின்னால் நுழையவே நுழையாது, சுத்தியலால் தட்டினால் பூச்சு பெயரும். கோர்க்கும் இடத்தில் 0.3 மி.மீ. இடைவெளி விட்டு வெட்டச் சொல்லுங்கள். திருகுப் புரிகளில் சிலிகோன் அடைப்பான் போட வேண்டும். உள்பக்கம் ஆழமாக மடிந்த மூலைக்குள் பவுடர் போகாது, மின்புலம் விளிம்பிலேயே இழுத்துக்கொள்ளும், அங்கே இரும்பு தெரியும். டிசைனிலேயே அந்த மூலையைத் திறந்துவிடுவதுதான் வழி.

அலுமினிய அணிகலன் செய்பவர்கள் வளைப்பது, தட்டுவது, துளைப்பது எல்லாவற்றையும் அனோடைசிங்குக்கு, அதாவது மின்சாரத்தால் மேலே ஆக்சைடு படலம் வளர்த்துச் சாயமேற்றுவதற்கு, முன்பே முடிக்க வேண்டும். 1967இல் டச்சு நகைக்கலைஞர் ஹைஸ் பாக்கர் அடுப்புப் புகைக்குழாய் வடிவில் செய்த கழுத்தணி அனோடைஸ் செய்த அலுமினியம்தான், நகைக்குத் தங்கம் தேவையில்லை என்று நம்பிக்கையோடு சொன்ன பொருள் அது. பூச்சு ஏறிய பின் வளைத்தால் மேற்பரப்பு நுணுக்கமாக விரிந்து வெள்ளைக் கோடுகள் தெரியும். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் சாயம் ஏறாது, கிளிப் பிடித்த இடத்தில் நிறமே இருக்காது. அந்தக் கிளிப் பின்னால் மறையும் இடத்தில் வர வேண்டும் என்று பட்டறையிடம் வரைந்தே காட்டுங்கள்.

அக்ரிலிக்கில் அடிக்கடி நடக்கும் சேதம் கண்ணுக்குத் தெரியாமல் தொடங்குவது. லேசர் வெட்டிய விளிம்பில் இறுக்கம் தேங்கியிருக்கும். அதில் ஸ்பிரிட்டோ சானிடைசரோ பட்டால் நூலிழை விரிசல்கள் பூப்பூவாகப் பரவும். காதணியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஒவ்வொரு முறையும் சானிடைசரால் துடைத்தால் இரண்டாம் நாளே விளிம்பு வெளுக்கும். 3 மி.மீ. துண்டுகளை 80 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து மெதுவாக ஆறவிட்டால் இறுக்கம் தளரும். துடைக்க மெல்லிய சோப்புத் தண்ணீரும் மெத்தென்ற பருத்தித் துணியும் போதும்.

பட்டுச் சாயத்தில் பாதிப் பிழைகள் சாயத்துக்கு முன்பே நடப்பவை. பட்டின் இயற்கைப் பசையை நீக்கும்போது அதன் எடையில் 20 முதல் 25 சதவீதம் குறைய வேண்டும். 15 சதவீதம்தான் குறைந்தது என்றால் பசை மிச்சமிருக்கிறது, அங்கங்கே சாயம் திட்டாகப் பிடிக்கும். கடின நீரில் சோப்பு திரிந்து நூலில் ஒட்டுவதும் இதே திட்டைத் தரும். கண்ணைப் பறிக்கும் நியான் ரோஜாக்களை அளவாக வையுங்கள். வெளிச்சத்தில் அவைதான் முதலில் வெளிறும். மாதிரியில் பாதியைக் கறுப்பு அட்டையால் மூடி இரண்டு வாரம் வெயில் ஜன்னலில் வைத்துப் பாருங்கள், கோடு தெரிந்தால் அந்தச் சாயம் காட்சிக்கு ஆகாது. வெள்ளைப் பருத்தித் துணியை நனைத்துப் பத்து முறை தேய்த்துப் பார்ப்பதும் அவசியம், அணிபவருக்கு வியர்க்கும்.

அணியும் பொருளை உடம்பில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். காதணி ஒன்று 10 கிராமுக்குள் நிற்கட்டும், கம்பி 0.8 முதல் 0.9 மி.மீ. உடையில் குத்திக்கொள்ளும் புரூச்சில் ஊசியை நடுவில் வைத்தால் மேல்பாகம் முன்னால் கவிழும், மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் வைக்க வேண்டும். 6 செ.மீ.க்கு மேல் அகலமென்றால் ஊசி இரண்டு. பட்டின் மேல் 25 கிராமுக்கு மேல் தொங்கவிட்டால் இழை விலகும், உள்ளே சிறிய துணிப் பட்டை தாங்கலாக வேண்டும். உலோகமோ அக்ரிலிக்கோ துணியைத் தொடும் எல்லா விளிம்பிலும் ஒரு பஞ்சு உருண்டையை ஓட்டிப் பாருங்கள். பஞ்சின் ஓர் இழை சிக்கினாலும் அது சேலையை இழுக்கும், திரும்ப மெருகுக்கு அனுப்புங்கள். கழுத்தணிக்குக் காந்தக் கொக்கியைத் தேடுவதற்குப் பதில் கொலுசின் திருகாணியையே பயன்படுத்தலாம். ஊரில் அதைச் செய்யவும் மாற்றவும் ஆள் இருக்கிறது, அது தானாகக் கழலுவதும் அரிது.

காட்சி சேலத்தில் முடிந்து ஏற்காட்டுக்குப் போகிறது என்றால் பொருட்கள் வேறு காலநிலைக்குள் நுழைகின்றன. ஊரில் 38 டிகிரி, சுமார் 1500 மீட்டர் உயரத்து மலையில் 18 டிகிரி. ஒரு மீட்டர் அக்ரிலிக் தகடு அந்த 20 டிகிரிக்கு 1.4 மி.மீ. சுருங்கும், அதே நீள இரும்பு கால் மி.மீ.தான் சுருங்கும். இரண்டையும் போல்ட்டால் இறுக்கியிருந்தால் துளையருகே அக்ரிலிக் கீறும். துளையை 2 மி.மீ. பெரிதாகப் போட்டு ரப்பர் வாஷர் வைத்துக் கையால் இறுக்கினால் போதும். வெள்ளைக்கல் வார்ப்பில் வினைபுரியாத குளோரைடு மிச்சமிருந்தால் மூடுபனி ஈரத்தை உறிஞ்சி மேற்பரப்பு வியர்த்துக் கொட்டும். அடியிலுள்ள துணியெல்லாம் நனையும். மலையேறும் முன் ஒரு வாரம் காயவிட்டு மெழுகு பூசுங்கள். மரவள்ளிக் கஞ்சி போட்டு மொடமொடப்பாக்கிய துணிச்சிற்பங்களில் ஈரத்தில் பூஞ்சை வரும். அவற்றை மழைக்காலத்தில் மேலே கொண்டுபோகாமல் இருப்பதே நல்லது. இருபது கொண்டை ஊசி வளைவிலும் சரக்கு பக்கவாட்டில்தான் தள்ளப்படும், எனவே பெட்டிக்குள் அடியைவிடப் பக்கங்களில் மெத்தை வேண்டும்.

வெள்ளியைக் கட்ட ரப்பர் பேண்டும், அடியில் விரிக்கக் கம்பளித் துணியும் ஆகாது. இரண்டிலிருந்தும் கந்தகம் வரும், வெள்ளி கறுக்கும். புதுத் துணி எதையும் நம்பாமல், ஒரு துண்டும் மெருகிட்ட வெள்ளிக் கம்பியும் ஈரப் பஞ்சும் மூடிய பாட்டிலில் போட்டுச் சோதியுங்கள். அருங்காட்சியகங்கள் இதையே 60 டிகிரியில் 28 நாள் செய்கின்றன. சேலத்து மொட்டைமாடி வெயிலில் ஒரு மாதம் வைத்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

வெளிச்சம்: பட்டுக்கு 50 லக்ஸ் (ஒளி விழும் அளவு), உலோகத்துக்கும் பூச்சுக்கும் அதைவிடத் தாராளம். விளக்கு நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்று சொல்லும் சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று மட்டும் கேட்டு வாங்காமல், அடர் சிவப்புக்கான ஆர்9 எண்ணையும் கேளுங்கள். அது குறைந்தால் சிவப்பு செங்கல் நிறமாகும். நியான் அக்ரிலிக்கின் விளிம்பு ஒளிர்வது நீல ஒளியை உறிஞ்சித்தான், 2700 கெல்வின் மஞ்சள் விளக்கில் அது சோர்ந்துவிடும், 4000 கெல்வின் விளக்கு வேண்டும். அடுத்தடுத்து வைப்பதிலும் கவனம் தேவை. பாரிஸின் கோபெலின் நெசவகத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரூலிடம் கறுப்பு நூல் வெளிறியிருக்கிறது என்று புகார் வந்தது. நூலைச் சோதித்தார், குறையில்லை. பக்கத்தில் வைத்த நிறம்தான் கறுப்பைக் கெடுத்திருந்தது. மஞ்சள் ஸ்டூலை ஊதாச் சேலைக்குப் பக்கத்திலிருந்து நகர்த்தினாலே பிரச்சினை தீரலாம், பூச்சைச் சுரண்ட வேண்டியதில்லை.

பணப் பேச்சைக் காட்சிக்கு முன்பே தாளில் எழுதிவிடுங்கள். விற்ற விலையிலிருந்து முதலில் அவரவர் மூலப்பொருள் செலவைக் கழித்துக் கொடுத்துவிட்டு, மீதியைத்தான் பங்கிட வேண்டும். வெள்ளி போட்டவருக்கும் நூல் போட்டவருக்கும் செலவு ஒன்றல்ல, நேராகப் பாதி பாதி என்றால் வெள்ளிக்காரர் அடுத்த முறை வரமாட்டார். வெள்ளி விலையை எந்தத் தேதியில் கணக்கிடுவது என்பதையும் எழுதுங்கள். லேபிளில் வடிவமைப்பாளர் பெயருக்கு இணையான எழுத்தளவில் பட்டறைக்காரர் பெயரும் வர வேண்டும். நாங்கள் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

விற்ற பிறகும் பொருள் திரும்பி வரும், பழுதுக்கு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு டப்பா தனியாக இருக்கட்டும்: மாற்றுத் திருகாணி இரண்டு, அதே குளியலில் தோய்த்த நூல் 5 கிராம், பவுடர் நிறத்துக்கு இணையான சிறிய பெயிண்ட் குப்பி, அக்ரிலிக் வெட்டியதில் மிஞ்சிய துண்டு, முதலில் செய்த மாதிரிச் சதுரம். அடுத்த லாட் சாயமும் அடுத்த தகடும் அதே நிறத்தில் வராது. டப்பாவின் மூடியில் தேதியும் பட்டறையும் லாட் எண்ணும் எழுதி, வெயில் படாத அலமாரியில் வையுங்கள்.